‘சஸ்பென்ஸ்’ என்றால் ‘மர்மம்’ தானா? ‘முன்னச்சம்’ என்ற சொல்லுக்காக

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சிறுகதைக் கலைச்சொல் பட்டியலின் வரைவைப் படித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பு இல்லை. மூன்று வரிகள்தான் உறுத்துகின்றன. சஸ்பென்ஸுக்கு ‘மர்மம்’ என்று போட்டிருக்கிறது. ஹாரருக்கு ‘திகில்’, டெரருக்கும் மறுபடி ‘திகில்’. இதை இப்படியே விட்டால், அச்சமூட்டும் ஒரு நல்ல கதை எப்படி நம்மைப் பிடித்துவைக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்ல நம்மிடம் சொல்லே இருக்காது. அதற்காக ‘முன்னச்சம்’, அதாவது வருவது வரும் முன்பே வருகிற அச்சம், என்றொரு சொல்லைப் பரிந்துரைக்கக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

> சஸ்பென்ஸ் கதை, மர்மக் கதை எல்லாம் வாசகருக்கு ஒன்றுதான். முடிவு தெரியக்கூடாது, அவ்வளவுதானே?

பொள்ளாச்சி நண்பர் கேட்டது இது. முடிவு தெரியாமல் இருப்பது மர்மம், சரி. ஆனால் முடிவு தெரிந்த பிறகும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதற்கு என்ன பெயர்? நம் கொங்கு நாட்டு அண்ணமார் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடுக்கடிப் பாட்டாக இரவிரவாக அதைக் கேட்கிற ஊர்களில், பொன்னரும் சங்கரும் படுகளத்தில் மடியப்போகிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தங்கை தங்காள் வந்து எழுப்புவாள் என்பதும் தெரியும். மர்மம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் தங்காள் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிற இடம் வந்தால் கூட்டம் கம்மென்று ஆகிவிடும். பாடுகிறவர் பாட்டை விட்டுவிட்டு உடுக்கையை மட்டும் மெல்ல அடித்துக்கொண்டிருப்பார். மடியில் பேரனைத் தூங்கவைத்திருக்கும் ஆத்தாமார் வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவார்கள். தெரிந்த ஒன்று இன்னும் வந்து சேராமல் இருக்கிறது, அதுதான் அங்கே வேலை செய்கிறது.

இதையே திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ருஃபோவுடனான நேர்காணலில் சினிமாவை வைத்துச் சொன்னார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருக்கிறது, ஒரு மணிக்கு வெடிக்கும், இப்போது மணி பன்னிரண்டே முக்கால் என்று முன்பே காட்டிவிட்டால், மேசையில் இருப்பவர்கள் என்ன வெட்டிப் பேச்சு பேசினாலும் 15 நிமிடம் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த 15 நிமிடத்துக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும். குண்டுக்கோ வெடிப்புக்கோ இல்லை.

சிறுகதையில் இதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுப்பது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்குப் பாதம்’. 1902இல் வந்த கதை. இந்தியாவில் இருந்து திரும்பிய ராணுவக்காரர் ஒருவர், ஒரு பக்கிரி மந்திரித்த காய்ந்த குரங்குப் பாதத்தைக் கொண்டுவருகிறார். மூன்று வரம் தரும். வயதான கணவனும் மனைவியும் முதலில் 200 பவுண்டு கேட்கிறார்கள். மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான், நிறுவனம் தருகிற இழப்பீடு சரியாக 200 பவுண்டு. இந்த இடத்தில் ஜேக்கப்ஸ் நமக்கு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்: இந்தப் பாதம் கேட்டதைக் கொடுக்கும், கேட்ட மாதிரி கொடுக்காது. அதற்கப்புறம் தாய், மகன் உயிரோடு வரவேண்டும் என்று கேட்கச் சொல்லும்போது நாம் அவளுக்கு ஓரடி முன்னால் போய் நிற்கிறோம். அவன் புதைக்கப்பட்டு நாள் ஆகிவிட்டது. உடையை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது என்று தகப்பன் சொல்கிறார்.

கதவு தட்டப்படுகிறது. முதலில் கேட்டும் கேட்காத ஓசை, அப்புறம் வீடே அதிர்கிறாற்போல. தாய் கீழே ஓடுகிறாள். கீழ்த் தாழ்ப்பாள் திறந்தாயிற்று, மேல்தாழ் எட்டவில்லை. கணவனைக் கூப்பிடுகிறாள். அவர் மாடியில் இருட்டில் மண்டிபோட்டுத் தரையைத் துழாவுகிறார், பாதத்தைத் தேடி. நாற்காலியை இழுத்துக் கதவோரம் போடும் சத்தம். தாழ் மெல்ல நகரும் சத்தம். அந்த நேரத்தில் பாதம் கையில் கிடைக்கிறது. மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். தட்டுதல் நின்றுவிடுகிறது. கதவு திறந்தால் வெறும் தெரு.

கதவுக்கு வெளியே இருந்ததை ஜேக்கப்ஸ் காட்டவே இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு நம் பட்டியலில் இருந்து எந்தச் சொல்லைப் போடுவது? மர்மம் என்றால், வெளியே நிற்பது யார் என்று நமக்குத் தெரியுமே. திகில் என்றால், நாம் எதையும் பார்க்கவே இல்லையே. ஒரு தாழ்ப்பாளின் உயரத்தை வைத்துக்கொண்டு நம்மைக் காக்கவைக்கிறார், அவ்வளவுதான். எட்டாத தாழ் என்கிற அந்தச் சின்ன விஷயம் இல்லாவிட்டால் கதையே இல்லை என்பேன்.

பேச்சுத் தமிழ் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறது. ‘திக்குன்னு ஆயிப்போச்சு’ என்றால் அதிர்ச்சி, ஒரே அடி. ‘திக்குதிக்குன்னு இருக்குதுங்க’ என்றால் இன்னும் வராத ஒன்றுக்காகப் பயந்து காத்திருப்பது. ஒரே ஒலி, இரட்டித்ததும் காலம் நீண்டுவிடுகிறது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மிச்சி இரண்டாவதைத்தான் சொல்வார், ஒருநாளும் முதலாவதைச் சொல்ல மாட்டார். திக்திக்கை அப்படியே கலைச்சொல்லாக வைக்க முடியாதுதான், வினையடை அது. ஆனால் நாம் வைக்கிற சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

இதுவரை குழுவில் வந்த சொற்களையும் பார்த்துவிடுவோம். ‘தொங்கல்’ லத்தீன் வேரை ஒட்டி வைத்தது. தமிழ்க் காதுக்கு அதில் மாலையும் காதணியும்தான் கேட்கும். ‘ஐயம்’ துப்பறியும் கதைக்குப் போய்விடும். ‘பரபரப்பு’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மூன்று பேர் ஆதரித்திருப்பதால். பரபரப்பில் அசைவு இருக்கிறது. அச்சக் கதையின் உச்சம் பெரும்பாலும் அசைவே இல்லாத இடத்தில் நிற்கும். எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட ‘காட்டிக்கொடுத்த இதயம்’ கதையில் கொலைகாரன் ஏழு இரவுகள் கிழவரின் அறைக் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிறான். எட்டாம் இரவில் விளக்கின் தகரத்தில் கட்டைவிரல் வழுக்கிச் சத்தம் வந்துவிடுகிறது. கிழவர் ‘யாரது?’ என்று எழுந்து உட்காருகிறார். அப்புறம் ஒரு மணி நேரம் இருவரும் இருட்டில் அப்படியே இருக்கிறார்கள். இவன் அசையவில்லை, அவர் படுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தின் மேல் ‘பரபரப்பு’ என்ற சொல்லை ஒட்டிப்பாருங்கள், ஒட்டாது.

ஈரோட்டு அக்கா சொன்ன ‘தவிப்பு’ நல்ல சொல். காதல் கதையில் கடிதத்துக்குக் காத்திருப்பதும், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதும் தவிப்புதான். பொதுவான சஸ்பென்ஸுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அச்சம் கலந்த வகைக்குத் தனிச்சொல் வேண்டும். அதற்குத்தான் ‘முன்னச்சம்’ என்று பரிந்துரைக்கிறேன். முன் + அச்சம். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிப்பதால் முன்னச்சம். வருவது வரும் முன்பே வந்துவிடுகிற அச்சம்.

அச்சம் என்ற சொல்லைக் கைவிடாமல் இருக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்வுகளில்) ஒன்றாக அச்சத்தைச் சொல்லி, அது பிறக்கும் இடங்களையும் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்க் கதை, காட்டுக் கதை, குற்றக் கதை, அதிகாரத்தைப் பற்றிய கதை என்று இன்றைய கதைகளையே இந்த நான்கில் அடக்கிவிடலாம். தொல்காப்பியர் வகுத்தது அச்சம் எதிலிருந்து வருகிறது என்பதை. எப்போது வருகிறது என்கிற பிரிவை நாம் சேர்க்கிறோம். மரபுச் சொல்லோடு ‘முன்’ சேர்வது அதனால் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சத்தியமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இதை விளக்கத் திம்பம் மலைப்பாதையைச் சொல்வேன். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். பொழுது மசங்குகிற நேரத்தில் ஒரு வளைவில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடக்கிறது. யானையைக் காணோம். மூங்கில் ஒடிகிற சத்தம்கூட இல்லை. வண்டியை ஓட்டுகிறவருக்கு அடுத்த வளைவு வரை இருப்பது முன்னச்சம். யானை எதிரே வந்து நின்றுவிட்டால் அது வேறு. பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது.

அது வேறு என்பது 1826இலேயே அச்சில் வந்துவிட்டது. ஆங்கில நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், தாம் இறந்த பிறகு வெளியான கட்டுரையில், டெரரும் ஹாரரும் எதிரெதிரானவை என்கிறார். முதலாவது மனத்தை விரித்து விழிப்பூட்டுகிறது, இரண்டாவது சுருக்கி உறையவைக்கிறது. டெரர் நிகழும் முன், ஹாரர் கண்ட பின் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே டெரர் வரிக்கும் முன்னச்சம் பொருந்தும். ஹாரருக்குத் ‘குலைநடுக்கம்’ போடலாம், ஈரக்குலை நடுங்கிப்போச்சு என்று எல்லாரும் சொல்வதுதான். ‘திகில்’ பத்திரிகைகளும் சினிமாவும் வகைப்பெயராகப் பழக்கிவிட்ட சொல். வகைப்பெயராகவே இருக்கட்டும்.

> முன்னச்சம் என்றால் எங்கள் ஊரில் லாரியின் முன்னச்சு என்று படித்துவிடுவார்கள்.

நாமக்கல் நண்பரின் கவலை புரிகிறது. ஆனால் பட்டறையில் யாரும் முன்னச்சு என்று சொல்வதில்லை, ஆக்ஸில் என்றுதான் சொல்கிறார்கள். கட்டுரைக்குள் வரும்போது குழப்பம் வராது.

இதைவிடக் கனமான மறுப்பு கோவையிலிருந்து வந்தது. வாசகருக்கு முன்பே தெரியாத கதைகள் இருக்கின்றனவே, ஷர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’ மாதிரி, அங்கே முன்னச்சம் எங்கே என்று. 1948இல் வந்த அந்தக் கதை வெயில் அடிக்கிற ஜூன் 27 காலையில் தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் டிராக்டர், வரி, மழை என்று பேசுகிறார்கள். எதற்குச் சீட்டு எடுக்கிறார்கள் என்று கடைசி வரை நமக்குத் தெரியாது. ஆனால் தொடக்கத்திலேயே பையன்கள் பையில் கல்லை நிரப்புகிறார்கள், வழவழப்பான கல்லாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். ஆண்கள் மூலையில் இருக்கும் கற்குவியலை விட்டு விலகி நிற்கிறார்கள், சத்தமாகச் சிரிக்காமல் புன்னகைக்கிறார்கள். புத்திக்குப் புரியும் முன் உடம்பு உஷாராகிவிடுகிறது. ஆகவே வரையறையைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும் என்பதை ஏற்கிறேன்: வரப்போகும் கேட்டை அறிந்தோ, அதன் குறியை மட்டும் உணர்ந்தோ வாசகர் கொள்ளும் அச்சம். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யும் (1943) இந்த இரண்டாம் வகையில் வரும். வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெண் யார் என்பதற்கு உறுதியான பதில் கிடைப்பதே இல்லை. அதில் மர்மமும் முன்னச்சமும் ஒன்றாக ஓடுகின்றன, இரண்டு சொல் கையில் இருந்தால்தான் அதைப் பிரித்துப் பேச முடியும்.

வினைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். ‘முன்னச்சமூட்டு’ நீளம்தான். ‘முன்னஞ்சு’ என்று வைக்கலாமா? ‘தாய் நாற்காலியை இழுக்கும்போது வாசகர் முன்னஞ்சுகிறார்.’ எனக்குச் சரியாகப் படுகிறது, இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டியல் கோப்பு வைத்திருக்கும் கோவை நண்பர், மறுப்பு வராவிட்டால், சஸ்பென்ஸ் வரியில் தவிப்பு, அதன் கீழே உட்பிரிவாக முன்னச்சம், மிஸ்டரிக்கு மர்மம் என்று மாற்றிவிடவும். குலைநடுக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுக் கதை என்னிடம் இல்லை, யாராவது அனுப்பினால் அந்த வரியையும் முடித்துவிடலாம்.

அன்புடன்,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து