தீவுக்குப் போன பூட்டன்

குழு: பெரிய வீட்டுப் பங்காளிகள்

வெள்ளிக்கிழமை

கலா (சென்னை): எல்லோருக்கும் வணக்கம். அந்தமான் தீவுக்குக் கைதியாகப் போன நம் பூட்டன் கருப்பன் கிடைத்துவிட்டார். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தேன், கை இன்னும் நடுங்குகிறது, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முத்து (திருப்பூர்): அக்கா நிஜமாகவா? அவர்தான் என்று எப்படி உறுதி? கருப்பன் என்றால் நம் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்களே.

கலா (சென்னை): அதனால்தான் இத்தனை மாதம் ஆனது. மதுரை ஜில்லாவிலிருந்து அந்த இரண்டு மூன்று வருடத்துக்குள் தீவாந்தர சிட்சை, அதாவது தீவுக்கு நாடுகடத்தும் தண்டனை, வாங்கிப் போனவர்களில் மூன்று கருப்பன் எனக்குச் சிக்கினார்கள். ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல், ஒரே கட்டுக்குள்ளேயே ஒருவருக்கு இரண்டு விதம். நான் ‘கே’ எழுத்தில் மட்டும் தேடித் தேடி ஓய்ந்துபோய், அப்புறம்தான் ‘சி’ எழுத்திலும் பார்க்கவேண்டும் என்று புரிந்தது. நம்மவர் அங்கேதான் இருந்தார். தகப்பன் பெயர் வீரணன், திருமங்கலம் தாலுகா, நம் ஊர் பெயர் பாதி சிதைந்து ஆனால் நம் ஊர்தான். அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்கிறது: இடது தொடையில் நீளமான பழைய தழும்பு.

ராசு சித்தப்பா: மாடு குத்தினது!

கலா (சென்னை): அதேதான் சித்தப்பா. அத்தை சொல்வார்களே, மஞ்சுவிரட்டில் கொம்பு இறங்கிக் குடல் தப்பித்தது என்று. அந்த வரியைப் படித்ததும் பேப்பரை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

வாத்தியார் மாமா: நன்றாகச் செய்தாய் அம்மா. வருஷத்தை எப்படிப் பிடித்தாய் என்று எல்லோருக்கும் சொல், மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

கலா (சென்னை): வருஷம் கொடுத்தது பெரிய அத்தைதான். “ஈசுவர வருஷம் மாசிப் படையல் முடிந்து மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள்” என்று அவர்களுடைய தாத்தா சொல்வாராம். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் நான் எந்தக் கட்டை அவிழ்ப்பது என்றே தெரிந்திருக்காது.

வாத்தியார் மாமா: தாது வருஷப் பஞ்சம் எல்லோருக்கும் தெரியும். தாது 1876 சித்திரையில் தொடங்கியது, அதற்கு அடுத்தது ஈசுவர. அதன் மாசி என்றால் 1878 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. மதினி தேதியே சொன்ன மாதிரிதான். பிள்ளைகளா, வீட்டில் பெரியவர்கள் வருஷப் பெயர் சொன்னால் அலட்சியமாக விடாதீர்கள், அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் அது திரும்ப வரும், தலைமுறையைக் கணக்குப் போட்டால் தானாக ஒன்று மட்டும் நிற்கும்.

முத்து (திருப்பூர்): அக்கா, நான் போன வருடம் அந்தமான் போனபோது செல்லுலார் ஜெயிலில் போட்டோ எடுத்தேன். அங்கேதான் இருந்திருக்கிறார்! இந்தச் சிவராத்திரிக்குக் கோவிலில் பெரிய பிளக்ஸ் வைப்போம், வெள்ளையனை எதிர்த்துத் தீவுக்குப் போன மாவீரர் என்று. செலவு என்னுடையது.

கலா (சென்னை): தம்பி, அந்த ஜெயிலைக் கட்டத் தொடங்கியதே 1896இல், முடித்தது 1906இல். இவர் போனது அதற்குப் பல வருடம் முன்னால். அப்போது போர்ட் பிளேரில் குடியிருப்பு இருந்தது, 1858இல் தொடங்கியது, கைதிகள் காடு வெட்டி, மண் சுமந்து, கழுத்தில் எண் எழுதிய வில்லையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார்கள். பிளக்ஸ் பற்றி அப்புறம் பேசலாம். வழக்கு என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மறைக்காமல் சொல்கிறேன்.

கலா (சென்னை): பிரிவு 395, கூட்டுக் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால்தான் அந்தப் பிரிவு வரும், இவர்கள் ஆறு பேர். ராத்திரி தானிய வண்டியை மறித்து ஐந்து மூட்டை கம்பு இறக்கியிருக்கிறார்கள். வண்டிக்காரர் விடமாட்டேன் என்று மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவருடைய வலது கை முறிந்துவிட்டது. அடித்தது யார் என்பதற்கு நம் பூட்டன் பெயரைத்தான் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆயுள் தண்டனை. வண்டிக்காரர் வெள்ளைக்காரர் இல்லை முத்து, நம்மைப்போல ஒரு சம்சாரி, வண்டிக் கூலிக்குப் போனவர்.

ராசு சித்தப்பா: இதை எல்லாம் குழுவில் போட வேண்டுமா கலா? என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் பார்த்து இன்னொருவருக்கு அனுப்பினால் கொள்ளைக்காரன் வம்சம் என்று பேச்சு வரும். ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், இருந்த காலத்தில் ஒரு குற்றமும் செய்யாதவர்கள்கூட ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்த பக்கம் இது, அந்தப் பேச்சு நமக்குப் புதிது இல்லை. எங்கள் அய்யா அதைச் சொல்லும்போது குரல் அடைக்கும்.

கலா (சென்னை): சித்தப்பா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அந்தச் சட்டம் பிறந்த பிறப்பையே குற்றம் என்றது, 1920இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்ததற்காகத்தான் போலீஸ் சுட்டது, பதினாறு பேர் செத்தார்கள். இது அதுவல்ல. இது ஒரு ஆள், ஒரு ராத்திரி, ஒரு வழக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் அந்தப் பதினாறு பேருக்கும் நாம் நியாயம் செய்யவில்லை. குழுவில் இருப்பவர்களைக் கேட்காமல் யாரும் இதை வெளியே அனுப்ப வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

வாத்தியார் மாமா: பஞ்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு அரைக் கிலோகூட வராது. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கல் சுமக்க வேண்டும். கஞ்சித் தொட்டிக்கு நடக்கும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் உண்டு. வண்டிக்காரர் கை முறிந்ததற்கு இது சமாதானம் ஆகாது, ஆனாலும் அந்த ஐந்து மூட்டை கம்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

பெரிய அத்தை: அத்தை சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன், பேரன். அத்தை கேட்கிறார்கள்: அவர் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டாரா, அதைப் போட்டிருக்கிறதா?

கலா (சென்னை): அத்தை, அதற்குத்தான் வருகிறேன். நான் பார்த்தது கோர்ட் கட்டு இல்லை, அது எங்கேயும் கிடைக்கவில்லை. இது 1889ஆம் வருடத்து ஜுடிசியல் இலாகா அரசாணை, வழக்குச் சுருக்கம் அதற்குள் இணைப்பாக இருந்தது. அங்கே பத்து வருடம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்து, நிலம் கொடுத்து, சொந்தமாக உழுது பிழைக்க விடுவார்கள். ஊரில் இருக்கிற மனைவி மக்களை அழைத்துக்கொள்ள மனுவும் போடலாம். நம் பூட்டன் சீட்டு வாங்கிய உடனே அந்த மனுவைப் போட்டிருக்கிறார். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து மதுரை கலெக்டருக்கு, அங்கிருந்து திருமங்கலம் தாசில்தாருக்கு, அவர் கிராம முன்சீப்பை அனுப்பி ஆத்தாவிடம் கேட்டிருக்கிறார், போக உனக்குச் சம்மதமா என்று.

ராசு சித்தப்பா: அழைத்தாரா? நம் ஆத்தாவையா?

கலா (சென்னை): ஆமாம் சித்தப்பா. ஆத்தா பெயர் பேச்சி. அவர் சொன்ன பதிலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள், நான் பென்சிலில் எழுதி வந்ததைத் திரும்பத் தமிழில் போடுகிறேன்:

“என் புருஷன் உயிரோடு இருப்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் மாடு மேய்க்கிறார்கள். மாமியாருக்குக் கண் தெரியாது. நான் போனால் அவளுக்குக் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை. நான் கப்பல் ஏற மாட்டேன். அவரை விட்டால் வரட்டும், நான் இருப்பேன்.”

கலா (சென்னை): கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கீறல். அந்த ஒரு தாள் மட்டும் பழுப்பாக, மற்றதைவிடத் தடிமனாக இருந்தது. கோடு நேராக இறங்கி முடிகிற இடத்தில் மை ஒரு மிளகு அளவுக்குத் தேங்கிக் காய்ந்திருக்கிறது, பேனாவை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் யாரோ ‘பேச்சி கீறல்’ என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள், அந்தக் கட்டு முழுக்கத் தமிழ் எழுத்து அந்த இரண்டு சொல்தான்.

முத்து (திருப்பூர்): பிளக்ஸ் வேண்டாம் அக்கா.

(இரவு 9.40)

பெரிய அத்தை: பேரன்தான். அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை, இப்போதுதான் சொன்னார்கள், அப்படியே போடுகிறேன். “எங்கள் தாத்தாவுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். கட்டிலில் கிடந்து சாகிற வரைக்கும் ‘எங்கய்யா தீவில் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு எங்களை மறந்துவிட்டார்’ என்றுதான் சொன்னார். முன்சீப்பு வந்து கேட்டுப் போனதை ஆத்தா பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் பெரியவன் நான் போகிறேன் என்று கிளம்பியிருப்பான். இல்லாவிட்டால் உன்னால்தான் அய்யா இல்லாமல் போனோம் என்று ஒரு நாள் கேட்டிருப்பான். இரண்டுக்கும் பயந்து மனசுக்குள்ளேயே வைத்துப் புதைத்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.”

ராசு சித்தப்பா: அக்கா, அழாதீர்கள். அப்புறம் அவர் என்ன ஆனார் கலா?

கலா (சென்னை): இந்தக் கட்டு ஆத்தா பதிலோடு முடிகிறது சித்தப்பா, “மனைவி மறுத்தாள்” என்று கடைசியாக ஒரு குறிப்பு. போர்ட் பிளேரில் இருந்த பழைய பதிவேடுகளில் நிறைய, ஜப்பான்காரர்கள் 1942இல் தீவைப் பிடித்த காலத்தில் அழிந்துவிட்டன. ஆனால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் போர்ட் பிளேர் சம்பந்தமான உள்துறைக் கட்டுகள் இருக்கின்றன, அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே தேடலாம். முத்து, ராத்திரி உனக்கு நேரம் இருந்தால் நீயும் உட்கார். எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி அனுப்புகிறேன்.

முத்து (திருப்பூர்): அனுப்புங்கள் அக்கா, இன்றைக்கே பார்க்கிறேன்.

சனிக்கிழமை

பெரிய அத்தை: பேரன். அத்தை விடியற்காலையில் எழுப்பிக் கேட்கச் சொன்னார்கள்: அந்த வண்டிக்காரர் எந்த ஊர்?

கலா (சென்னை): ஊர் பெயரைக் குழுவில் போட எனக்கு மனசு வரவில்லை அத்தை. அவர்கள் வம்சமும் அங்கேயே இருக்கலாம்.

பெரிய அத்தை: “வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம்தானே?”

கலா (சென்னை): ஆமாம் அத்தை! எப்படித் தெரியும்?

பெரிய அத்தை: “அந்த ஊரில் நம் வீட்டு ஆட்கள் கை நனைக்கக் கூடாது என்று தாத்தா சொல்வார். கல்யாண வீடாக இருந்தாலும் மொய் மட்டும் எழுதிவிட்டு வந்துவிட வேண்டும், பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. பகையா தாத்தா என்றால், பகை இல்லை, நமக்கு அங்கே சாப்பிட உரிமை இல்லை என்பார். எங்கள் ஆத்தா சொன்னது என்பார். காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது.”

வாத்தியார் மாமா: நானும் கல்யாணமான புதிதில் அந்த ஊரில் ஒரு விசேஷத்துக்குப் போய், பசியோடு திரும்பி வந்திருக்கிறேன். உங்கள் தங்கை என்னை இலையில் உட்கார விடவில்லை மதினி.

பெரிய அத்தை: “சிவராத்திரிக்கு ஆத்தாவுக்கும் பூட்டனுக்கும் இலை போடுகிறோம் இல்லையா, இந்த வருஷம் மூன்றாவது இலை ஒன்று போட வேண்டும், கம்பஞ்சோறு வைத்து. யாருக்கு என்று ராசு கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.”

ராசு சித்தப்பா: நான் கேட்கமாட்டேன் அக்கா. கம்பு நான் வாங்கி வருகிறேன்.

பெரிய அத்தை: “கலா, அந்தக் கீறலை மட்டும் எப்படியாவது பிரதி எடுத்து வா. எழுத்து வேண்டாம், எனக்குப் படிக்கத் தெரியாது. கீறல் போதும்.”

கலா (சென்னை): பிரதிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன் அத்தை. கிடைத்ததும் பாண்டியன் ரயிலில் டிக்கெட் போட்டு நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.