வரைபடத்தில் வளைந்து போகும் பயணக்கோடு: ஒரே சொல் போதுமா?

புதுச்சேரியிலிருந்து:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இணைய வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வளைவாகப் போடும் கோட்டுக்கு 'வளைகோடு' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சொல் எளிமையானது, மறுப்பில்லை. ஆனால் திரையில் வளைந்து தெரியும் கோடுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. கணக்கிடும் முறையிலேயே அவை வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் நிரல் எழுதுகிறவர் ஒன்றை நினைத்து எழுதுவார், வரைபடம் பார்க்கிறவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

புதுச்சேரியிலிருந்து பாரிசுக்கு ஒரு கோடு போடுவோம். இந்த இரண்டு ஊர்களும் பூமியின் மையமும் அடங்கும்படி உருண்டையை ஒரு தளத்தால் வெட்டினால் மேற்பரப்பில் விழுவது பெருவட்டம். இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட அதன் சிறிய துண்டுதான் மிகக் குறுகிய வழி. நீளம் ஏறத்தாழ 8,100 கி.மீ. அதன் நடுப்புள்ளி ஈரானில், காஸ்பியன் கடலுக்குத் தெற்கே விழுகிறது. அதே ஊர்களை இணைய வரைபடத்தில் நேராக இணைத்தால் நடுப்புள்ளி மேற்கு ஈராக்கின் பாலை நிலத்துக்குப் போய்விடும். பூமியின் மேல் அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 8,300 கி.மீ. ஆக, நேராகத் தெரிவதுதான் சுற்றுவழி, வளைந்து தெரிவது குறுக்குவழி. வரைபடவியலாளர் மெர்க்காட்டர் 1569இல் வெளியிட்ட வரைபட முறையில், திசைகோணம் (வடக்குத் திசையோடு பாதை உண்டாக்கும் கோணம்) மாறாமல் கப்பல் செல்லும் பாதை நேர்கோடாக விழும். இன்றைய இணைய வரைபடங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. அதனால்தான் பெருவட்டத் துண்டு நமக்கு வடக்கே வளைந்து தெரிகிறது.

இது முதல் வகை. இப்போது நம் ஒன்றியப் பகுதிக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றுக்கும் வளைவான கோடுகள் போட்ட படம் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். பெருவட்டத்தைக் கணக்கிட்டு வரைந்தால் அவருக்கு நேர்கோடுதான் கிடைக்கும். மாஹே சுமார் 470 கி.மீ., ஏனாம் சுமார் 590 கி.மீ. இவ்வளவு தொலைவில் பெருவட்டமும் நேர்கோடும் ஒரு கிலோமீட்டர்கூட விலகுவதில்லை. காரைக்கால் ஏறக்குறைய நேர் தெற்கில், அதே தீர்க்கக்கோட்டில் இருப்பதால் அங்கே விலகலே கிடையாது. ஆகவே அவர் கேட்கிற வளைவு பூமியின் வடிவத்திலிருந்து வருவதல்ல. 'இங்கிருந்து அங்கே' என்று காட்டவும், கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருக்கவும் நாமே போடும் வளைவு அது. இது இரண்டாவது வகை. ஏனாமுக்குப் போகும் கோடு பெரும்பாலும் வங்கக் கடலின் மேல் போகும். அந்த வழியில் யாரும் பயணம் போவதில்லை.

மூன்றாவது, சாலையை ஒட்டியே வளைவது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளிகள் பதிந்து தொடுத்த கோடு. இதில் வளைவு சாலையுடையது.

என் முன்மொழிவு: முதலாவது பெருவட்டத் தடம், இரண்டாவது தடவில் (தடம் + வில்), மூன்றாவது சாலைத் தடம். பேருந்தில் 'தட எண்' என்று எல்லோரும் படித்துப் பழகியிருப்பதால் தடம் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடலூரிலிருந்து:

அம்மா, வணக்கம். வகை பிரித்ததை முழுமையாக ஏற்கிறேன். 'தடவில்' மட்டும் நெருடுகிறது. வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்: தடவில்லை. செயலியின் தேர்வுப் பட்டியில் 'தடவில்லை நீக்கு' என்று வந்தால் படிப்பவர் தடுமாறுவார். வில்லை என்றால் கண்ணாடி வில்லை, மாத்திரை வில்லை. தடவவில்லை என்பதன் பிழையான எழுத்தாகவும் தோன்றும். கலைச்சொல் எழுவாயாக நிற்கும்போது மட்டும் அழகாக இருந்தால் போதாது. ஐ, இல், உடன், கள் எல்லாம் ஏற்ற பிறகும் தெளிவாக இருக்க வேண்டும்.

மற்ற இரண்டிலும் தடம் கடைசியில் நிற்கிறது, இதில் மட்டும் முன்னால் வந்துவிட்டது. 'வில் தடம்' என்று திருப்பிப் போட்டால் மூன்றும் ஒரே அமைப்புக்கு வரும்: வில் தடத்தை, வில் தடங்கள், வில் தடத்தில். புணர்ச்சி விதிப்படி விற்றடம் என்றாகும். அது விற்பனையை நினைவூட்டும். பிரித்தே எழுதலாம். வளைதடம் என்று வினைத்தொகையாக்கினால் புணர்ச்சிச் சிக்கல் இல்லை. ஆனால் வளைந்த சாலையும் வளைதடம்தானே? வேண்டுமானால் மூன்றுக்கும் பொதுப்பெயராக அதை வைத்துக்கொள்ளலாம்.

ஓர் ஐயம். பள்ளிக் கணக்கில் வில் என்றால் வட்டத்தின் துண்டு. நீங்கள் சொல்லும் கோடு வட்டத்தின் துண்டுதானா? அதன் அளவுகளையும் எழுதினால் வரையறையை எழுதிவிடலாம்.

புதுச்சேரியிலிருந்து:

ஐயா, 'வில் தடம்' சரி. தடவில்லைக் கைவிடுகிறேன். இப்போது நான் எழுதிய 'தடவில்லை' என்ற சொல்லே உங்கள் கருத்துக்குச் சான்று.

வட்டத்தின் துண்டு அல்ல. வழக்கமாகப் போடுவது கணினி வரைகலையில் பயன்படும் இருபடிப் பெசியே வளைவரை, அதாவது பரவளையத்தின் ஒரு துண்டு. வில் என்பதை இங்கே கணிதப் பொருளில் அல்லாமல், வளைத்துக் கட்டிய வில்லின் வடிவம் என்றே கொள்ள வேண்டும். வரையறையில் இதை எழுதிவிடுவோம்.

வரையும் முறை இது. இரு முனைகளையும் மெர்க்காட்டர் ஆயங்களுக்கு (அந்த வரைபடத் தளத்தின் கிடை, நிலை அளவுகளுக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும். பாகையிலேயே கணக்கிட்டால், வடக்கே போகப்போகப் படம் நீள்வதால் வில் ஒரு பக்கம் சரிந்து தெரியும். கிடை வேறுபாடு அ, நிலை வேறுபாடு ஆ என்றால் செங்குத்துத் திசை (−ஆ, அ). நடுப்புள்ளியிலிருந்து அந்தத் திசையில் கோட்டு நீளத்தின் 0.4 பங்கு தள்ளி ஒரு புள்ளி வைக்கிறோம். வளைவரை அதைத் தொடாது, அதன் பக்கமாக இழுபடும். எனவே 'கட்டுப்பாட்டுப் புள்ளி' என்பதைவிட 'இழுபுள்ளி' பொருந்தும் என்பது என் துணிபு. வில்லின் உச்சி எப்போதும் இழுபுள்ளியின் பாதி உயரத்தில்தான் நிற்கும்: 0.4 வைத்தால் உச்சி 0.2. இது தெரியாமல் 0.2 வைத்துவிட்டு வில் தட்டையாக இருக்கிறதே என்று தேடுகிறவர்கள் உண்டு.

செங்குத்துத் திசை எப்போதும் பயணத்தின் இடப்புறம் விழுவதால், போகும் வில்லும் திரும்பும் வில்லும் தாமாகவே எதிரெதிரே பிரிந்துவிடும். திரைப்புள்ளிகளில் கணக்கிட்டால் நிலை அச்சு கீழ்நோக்கிப் போவதால் இடம் வலமாகிவிடும், குறியை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா வில்லும் வடக்கே புடைக்கட்டும் என்று விதி வைத்தால் மாஹேவுக்குச் சரிவரும், காரைக்காலுக்கு உதவாது. நேர் தெற்கே போகும் கோட்டுக்குச் செங்குத்து கிழக்கு மேற்காகத்தானே இருக்கும்? அதைக் கடல் பக்கம் புடைக்கவிட்டால் கரையோர ஊர்ப்பெயர்கள் மறையாது.

பெருவட்டத் தடத்துக்கு இழுபுள்ளி கிடையாது. இரு ஊர்களும் பூமியின் மையத்தில் உண்டாக்கும் கோணம் க. வழியில் கடந்த பங்கு ப. தொடக்க ஊரின் முப்பரிமாண ஆயங்களை சைன்((1−ப)க)/சைன்(க) ஆலும், சேரும் ஊரின் ஆயங்களை சைன்(பக)/சைன்(க) ஆலும் பெருக்கிக் கூட்டி, மறுபடி அட்சம், தீர்க்கமாக மாற்ற வேண்டும். 64 துண்டுகள் இருந்தால் உலகப் படத்தில் மூலைகள் தெரியாது. இரு முனையும் ஒரே ஊரானாலும், உருண்டையின் நேர் எதிர்ப்பக்க ஊர்களானாலும் சைன்(க) சுழியம், வகுத்தல் உடைந்துவிடும். உருண்டை என்று கொள்வதால் தொலைவில் அதிகபட்சம் அரை விழுக்காடு அளவுக்குப் பிழை வரலாம். துல்லியம் வேண்டுமென்றால், துருவங்களில் சற்றே தட்டையான வடிவமாகக் கொள்ளும் நீள்வட்டகக் கணக்குக்குப் போக வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான இடறல்கள் இரண்டு. இடத் தரவுகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கம் முன்னால், அட்சம் பின்னால். இணைய வரைபடம் வரையும் லீஃப்லெட் நிரலகத்தில் நேர்மாறு. மாற்றிக் கொடுத்தால் புதுச்சேரி ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போய் உட்காரும். அடுத்தது, டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போல 180 பாகையைக் கடக்கும் தடம் படத்தின் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு கீறலாக ஓடும். 180இல் வெட்டி இரண்டு துண்டுகளாக்க வேண்டும், அல்லது தீர்க்கத்தை 180க்கு மேலும் தொடர்ந்து எண்ண வேண்டும்.

வரையறையில் நான் விட்டுக்கொடுக்க விரும்பாத வரி ஒன்று: 'வில் தடத்தின் நீளம் எந்தத் தொலைவையும் குறிக்காது.' அதைச் சொடுக்கினால் கிலோமீட்டர் காட்டும் வசதி வேண்டுமென்றால், அந்த எண்ணை முனைகளுக்கிடையே உள்ள பெருவட்டத் தடத்திலிருந்தோ சாலைத் தடத்திலிருந்தோ எடுத்து, எது என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

வளைதடம் பொதுப்பெயராக இருக்கட்டும். நேராகப் போகும் சாலைத் தடமும் உண்டு என்பதால் சாலைத் தடத்தை அதற்குள் சேர்க்காமல் தனியே வைப்போம். திசைகோணம் மாறாத மெர்க்காட்டர் நேர்கோட்டுக்கு 'ஒருதிசைத் தடம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.