பெரியப்பாவின் போர்க்காலக் கடிதங்களைக் காப்பாற்ற உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். 1971 போரில் கிழக்கு முனையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அதிகாரியாக இருந்த என் பெரியப்பாவின் டிரங்குப் பெட்டி, ஏற்காட்டு வீட்டுப் பரணில் பல மழைக்காலங்களைக் கடந்து, இப்போது சேலத்தில் எங்களிடம் இருக்கிறது. கிழக்கு முனையில் பணியாற்றியதற்காக அவருக்குக் கிடைத்த பூர்வி ஸ்டார் பதக்கம் நன்றாகவே உள்ளது. பெரியம்மாவுக்கு ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சலக முகவரியிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள்தாம், ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, குண்டூசியின் துரு ஏறிய இடங்களில் தாள் பொடிந்து, நீல மை மறுபக்கம் ஊறிக் கிடக்கின்றன. லேமினேஷன் செய்யச் சிலர் சொன்னார்கள். பின்னர் அதை நீக்கவே முடியாது என்பதால் எனக்கு உடன்பாடில்லை. பெரியம்மாவுக்கு அவற்றை மீண்டும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதே என் ஆசை. பழைய தாள்களைக் கிழியாமல் பிரித்துச் செப்பனிடத் தெரிந்தவர்கள் சேலம், ஈரோடு, கோவைப் பக்கம் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்தை இதுபோன்ற ஆவணங்களுக்காக அணுகியவர்களும் வழிகாட்டுங்கள்.