157 செ.மீ., 52 கிலோ: எட்டுப் பேர் படகில் துடுப்புப் போட எனக்கு இடம் கிடைக்குமா? (எர்கோ டெஸ்ட், கால் செட்டிங் பற்றிய கேள்வி)

மதுரைக்காரி_பட்னி:

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் பட்னி பக்கம் ஒரு ரோயிங் கிளப்பில் இருக்கிறேன். போன வருடம் ஆரம்பநிலை வகுப்பில் சேர்ந்து, இப்போது பெண்கள் குழுவோடு பயிற்சி செய்கிறேன். நீச்சலே இந்த ஊருக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன். இந்த விளையாட்டு எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. மார்ச்சில் தேம்ஸில் நடக்கும் பெண்கள் ஹெட் ரேஸில் (படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, நேரத்தை வைத்து முடிவு செய்யும் போட்டி), மார்ட்லேக்கிலிருந்து பட்னி வரை 6.8 கி.மீ., எப்படியாவது ஒரு எயிட்டில் (எட்டுப் பேர் படகில்) உட்கார வேண்டும் என்று ஆசை.

இரண்டு பிரச்சினைகள்.

ஒன்று, எர்கோவில், அதாவது தரையில் துடுப்புப் போடும் பயிற்சி மிஷினில், 2000 மீட்டர் டெஸ்ட். 8:52 எடுத்தேன். ஐநூறு ஐநூறாக 2:04, 2:12, 2:20, 2:16. டேம்பரை (மிஷினுக்குள் போகும் காற்றின் அளவை மாற்றும் நெம்புகோல்) 10-இல் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். அந்த மூன்றாவது ஐநூறில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சுவரில் ஒட்டிய பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, "நீ காக்ஸ் ஆகிவிடு, உன் உயரத்துக்கு அதுதான் சரி" என்றார். காக்ஸ் வேலையை (துடுப்புப் போடாமல் படகைத் திருப்பி, குழுவை வழிநடத்துவது) நான் மதிக்கிறேன். ஆனால் நான் சேர்ந்தது துடுப்புப் போட.

இரண்டாவது, படகு. என்னை உட்கார வைக்கும் இருக்கையில் ஷூ ஆண்கள் அளவு 9, என் கால் 4. ஒவ்வொரு தடவை முன்னால் போகும்போதும் சீட்டின் சக்கரம் ஸ்லைடின் (சீட் ஓடும் தண்டவாளம்) முனையில் இடிக்கிறது. ஃபினிஷில் (இழுப்பின் முடிவில்) பிடி சீக்கிரமே உடம்பில் முட்டிவிடுகிறது, கைகள் கிட்டத்தட்ட கழுத்துக்குப் போகின்றன. ஒரு மணி நேரத்தில் கீழ் முதுகு பிடித்துக்கொள்கிறது. படகு எல்லாருக்கும் பொது, அடிக்கடி மாற்ற முடியாது என்கிறார்கள்.

உடம்பு போதாதா, இல்லை செட்டிங் சரியில்லையா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பழைய_ஸ்ட்ரோக்:

தங்கச்சி, முதலில் கால். எர்கோ எண்ணை அப்புறம் பார்ப்போம்.

நீங்கள் எழுதிய அறிகுறிகளில் இரண்டு ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஸ்லைடு முனையில் இடிக்கிறது, பிடி சீக்கிரம் முட்டுகிறது. உங்களுக்கு முன் உட்கார்ந்தவர் நெட்டையானவர், கால்பலகை (ஷூ மாட்டியிருக்கும் பலகை) அவருக்காகப் படகின் பின்முனைப் பக்கம் தள்ளி இருக்கிறது. திருகுகளைத் தளர்த்தி, பலகையை உங்கள் பக்கமாக இரண்டு மூன்று பல் இழுங்கள். சரிபார்க்க எளிய வழி: ஃபினிஷில் உட்கார்ந்து, பிடியின் முனை வெளிப்பக்க விலாவுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். உடம்பைத் தாண்டிப் போகக் கூடாது, உள்ளேயும் நின்றுவிடக் கூடாது. பிறகு கேட்ச்சுக்கு (துடுப்பு தண்ணீரில் இறங்கும் இடம்) போய், முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கும்போது ஸ்லைடில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். படகில் ஏறும் ஒவ்வொருவரும் கால்பலகையைத் தனக்கேற்ப வைத்துக்கொள்வது வழக்கம். அதற்காகத்தான் அந்தப் பற்கள்.

கைகள் கழுத்துக்குப் போவதற்குக் காரணம் கேட்டின் (துடுப்பைத் தாங்கும் கொக்கி) உயரம். கனமான ஆட்களுக்காகச் செய்த படகில் லேசான குழு உட்கார்ந்தால் படகு தண்ணீரில் மேலே மிதக்கும். கேட்டும் தண்ணீரிலிருந்து உயர்ந்துவிடும். கேட்டுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையங்களில் ஒன்றை எடுத்து மேலே மாட்டினால் கேட் இறங்கும். ஸ்பேனர்கூட வேண்டாம். அது போதவில்லை என்றால் ஒரு சீட் பேட் வாங்கிக்கொள்ளுங்கள். உட்காரும் இடம் உயர்ந்தால் கை தானாக நெஞ்சுக்குக் கீழே வரும், பாதம் இடுப்பைவிடத் தாழ்ந்து முழங்காலை மடக்கவும் எளிதாகும்.

துடுப்பு கனமாகத் தெரிந்தால் காலருக்கும் (துடுப்பில் கேட்டை ஒட்டி நிற்கும் வளையம்) கேட்டுக்கும் நடுவே கிளாம் என்ற சின்ன பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். உள்பக்க நீளம் 1 செ.மீ. கூடும், வெளிப்பக்கம் அவ்வளவு குறையும். பத்து விநாடி வேலை.

ஷூ விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 4 அளவுக் கால் 9 அளவு ஷூவில் மிதிக்கும்போது குதிகால் அலைகிறது, அழுத்தம் பலகைக்குப் போகாமல் முதுகுக்கு வருகிறது. ஷூவும் அதன் தகடும் சில திருகுகளில் நிற்பவைதான். சின்ன ஷூ ஒரு ஜோடியை கிளப்பில் வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை தண்ணீரில் இறங்குமுன் இரண்டு ஷூவிலும் குதிகால் கயிறு கட்டியிருக்கிறதா, ஒரே இழுப்பில் இரண்டும் திறக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். படகு கவிழ்ந்தால் கால் வெளியே வருவது அந்தக் கயிற்றை நம்பித்தான். குளிர்கால தேம்ஸில் இதைத் தவறவிடக் கூடாது.

இப்போது எண். எர்கோவில் வாட் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப கூடும். உங்கள் சராசரி 2:13, அது 149 வாட். முதல் ஐநூறை 2:04-இல் போனீர்கள், அது 184 வாட். ஏறக்குறைய கால் பங்கு அதிகம். மூன்றாவது ஐநூறில் கால் போனதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த தடவை முதல் ஐநூறு 2:13, நடுவில் இரண்டும் 2:12, கடைசியில் இருப்பதையெல்லாம் கொடுங்கள். தொடக்கத்தில் "இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே" என்று தோன்றும். தோன்றட்டும், விடாதீர்கள்.

டேம்பர் 10 வேண்டவே வேண்டாம். அந்த எண் ஒவ்வொரு மிஷினிலும் ஒவ்வொரு மாதிரி. தூசி அடைத்த மிஷினில் 5 வேறு, புது மிஷினில் 5 வேறு. மானிட்டரில் மோர் ஆப்ஷன்ஸ் உள்ளே டிராக் ஃபேக்டர் (மிஷின் உண்மையில் கொடுக்கும் எதிர்ப்பின் அளவு) இருக்கும். உங்கள் எடைக்கு 105 முதல் 115 வரை வரும்படி டேம்பரை நகர்த்துங்கள், பெரும்பாலும் 3, 4 பக்கம் வரும்.

நாற்காலி_பிசியோ:

முதுகு பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட், துடுப்புப் போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். கேட்ச்சில் இடுப்பிலிருந்து குனிகிறீர்களா, கீழ் முதுகை வளைத்து எட்டுகிறீர்களா என்று பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுங்கள், எர்கோவில் எடுத்தாலும் போதும். குதிகால் சீக்கிரமே தூக்கிக்கொண்டால் கணுக்கால் இறுக்கம். பாதத்தை ஒரு துளை கீழே இறக்கிப் பாருங்கள். எர்கோ பட்டை கால்விரல்கள் தொடங்கும் இடத்தின் மேல் வர வேண்டும், நடுப்பாதத்தில் வேண்டாம்.

பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் விடும் பிடிப்பு வேறு. காலில் இறங்கும் வலி, மரத்துப்போதல், அல்லது மூச்சு இழுத்தால் விலாவில் ஒரே புள்ளியில் குத்தும் வலி என்றால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விலா எலும்பில் விரிசல் விழுவது இந்த விளையாட்டில் நன்றாகத் தெரிந்த காயம். தாங்கிக்கொண்டு தொடர்ந்தால் பருவம் முழுவதும் போகும்.

மதுரைக்காரி_பட்னி:

ரொம்ப நன்றி, இரண்டு பேருக்கும். அண்ணா, நேற்று சாயங்காலம் கால்பலகையை மூன்று பல் இழுத்தேன், வளையம் ஒன்றை மேலே மாற்றினேன். இடிப்பது நின்றுவிட்டது! கை விலாவுக்கு வருகிறது. ஷூ பற்றி கிளப்பில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் பட்டியலில் என் பெயர் அதே இடத்தில்தான். 8:52-ஐ 8:45 ஆக்கினாலும் உயரமானவர்கள் 8:00-க்குள் போகிறார்கள். பயிற்சியாளரிடம் என்ன சொல்வது?

பழைய_ஸ்ட்ரோக்:

மூன்று விஷயம் கேளுங்கள், சண்டையாக வேண்டாம்.

எர்கோ தரையில் நிற்கிறது, உங்கள் எடையைச் சுமக்கவில்லை. படகு சுமக்கிறது. இதற்காக எர்கோ தயாரிக்கும் கான்செப்ட்2 நிறுவனம் ஒரு எடைக் கணக்கு வைத்திருக்கிறது: எடையை பவுண்டில் எடுத்து, 270-ஆல் வகுத்து, 0.222 அடுக்குக்கு உயர்த்தி, நேரத்தோடு பெருக்க வேண்டும். உங்கள் 8:52 சுமார் 7:20 ஆகிறது. 80 கிலோ ஆள் ஒருவர் 8:05 எடுத்தால் அவருக்கும் ஏறக்குறைய அதேதான். இந்தக் கணக்கு தோராயமானது, ஆனால் வெறும் பட்டியலைவிட நியாயமானது. பட்டியலில் இந்தப் பத்தியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஹெட் ரேஸ் இருபது நிமிடத்தை ஒட்டிய ஓட்டம். அதற்கு 2000 மீட்டரோடு 5000 மீட்டர் டெஸ்டும் வைத்துப் பார்ப்பது பொருத்தம். லேசானவர்கள், நிதானமாக நீண்ட நேரம் பயிற்சி செய்பவர்கள் அங்கே மேலே வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு முறையாவது பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில், நிமிடத்துக்கு 18, 20 ஸ்ட்ரோக்கில், ஒரு மணி நேரம் போடுங்கள்.

மூன்றாவது, சீட் ரேஸ். இரண்டு ஃபோர்களை (நான்கு பேர் படகு) அருகருகே விட்டு, இருவரை மட்டும் இடம் மாற்றி, வித்தியாசம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. தேம்ஸில் நீரோட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதனால் இரண்டு படகும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், தனித்தனியாக நேரம் எடுத்தால் ஒப்பிட முடியாது. பௌ சீட்டை (படகின் முன்முனையில் இருக்கும் இருக்கை) குறிவைத்துக் கேளுங்கள். எயிட்டின் முன்முனை குறுகலானது, அங்கே லேசான, துல்லியமாகப் போடும் ஆளைத்தான் எந்த நல்ல பயிற்சியாளரும் தேடுவார்.

காக்ஸ் பேச்சு மறுபடி வந்தால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: சர்வதேச விதியில் காக்ஸுக்குக் குறைந்தபட்ச எடையே 55 கிலோ. 52 கிலோவில் நீங்கள் உட்கார்ந்தால் மணல் மூட்டை சேர்த்துத்தான் படகு ஏற வேண்டும்.

5000 மீட்டர் டெஸ்ட் முடித்ததும் ஸ்ப்ளிட்டுகளை (பகுதி பகுதியான நேரங்களை) இங்கே போடுங்கள்.