மாலிக்னன்ட் ஃபைலாய்ட்ஸ் (மார்பில் வரும் ஒரு வகைப் புற்றுக்கட்டி): அக்குளில் எதையும் எடுக்க வேண்டாம் என்கிறார்கள், சரியா?

கேள்வி:
அக்காவுக்கு 44 வயது. இடது மார்பில் இருந்த கட்டி மூன்றே மாதத்தில் 3 செ.மீ.யிலிருந்து 7 செ.மீ. ஆகிவிட்டது. புற்றுநோய் அல்லாத ஃபைப்ரோஅடினோமா கட்டிதான் என்று சொல்லி கட்டியை மட்டும் தோண்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மாலிக்னன்ட் ஃபைலாய்ட்ஸ், வெட்டிய ஓரத்திலும் கட்டி இருக்கிறது என்று வந்திருக்கிறது. இப்போது வேறு சர்ஜன் பார்க்கிறார். மார்பை முழுசாக எடுக்க வேண்டியிருக்கலாம், அக்குள் நெறிக்கட்டிகளை எடுக்கத் தேவையில்லை என்கிறார். கேன்சர் என்றால் அதையும் எடுப்பார்களே? பாதியில் விட்டுவிடுகிறாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1:
பயப்படாதீங்க, அவர் சொல்வது சரிதான். வழக்கமான மார்பகப் புற்றுநோய் பால் குழாய், பால் சுரப்பிகளின் உள்வரிசைச் செல்களில் தொடங்கி அக்குளுக்குப் போகும். இது அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவில் வருவது. சார்கோமா (தசை, கொழுப்பு, இணைப்புத் திசு போன்றவற்றில் வரும் புற்றுநோய்) மாதிரியே ரத்தம் வழியாகப் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் பரவும், அதனால் நெஞ்சு சி.டி. எடுத்தாச்சா என்று கேளுங்க. நெறி வீங்கியிருந்தால் மட்டும் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். காரணமில்லாமல் எடுத்தால் கை வீக்கம்தான் மிச்சம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த ஓரம்தான். கட்டியைச் சுற்றி 1 செ.மீ. நல்ல திசுவும் சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் வழக்கமான இலக்கு. அது கிடைத்தால் மார்பைக் காப்பாற்றவும் முடியும், கிடைக்காத அளவுக்குக் கட்டி பெரிது என்றால்தான் முழுசாக எடுப்பது. வேகமாக வளர்கிற கட்டிக்கு முதலிலேயே கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) எடுத்திருக்கணும், அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

பதில் 2:
என் அம்மாவுக்கு வந்தது ஆஞ்சியோசார்கோமா, அதாவது ரத்தக் குழாய்ச் செல்களில் வரும் சார்கோமா. மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்து 7 வருஷம் கழித்து அதே இடத்துத் தோலில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு, அடிபட்டு ரத்தம் கட்டின மாதிரியே இருந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டாங்க என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். கடைசியில் ரேடியேஷன் பட்ட தோலையும் சேர்த்து மார்பை எடுத்து, முதுகிலிருந்து தசையும் தோலும் கொண்டுவந்து மூடினார்கள். ரேடியேஷன் எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் அந்தத் தோலைக் கவனித்துக்கொண்டே இருங்க.

பதில் 3:
அடுத்த ஆபரேஷனுக்கு முன்னால் முதலில் எடுத்த கட்டியின் திசு ஸ்லைடுகளை வாங்கி, சார்கோமா பார்த்துப் பழகிய பேத்தாலஜிஸ்ட்டிடம் (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்பவர்) கொடுங்க. கிரேடு (கட்டியின் தீவிரம்) மாறினால் ரேடியேஷன் வேண்டுமா என்ற முடிவும் மாறலாம். ஹார்மோன் மாத்திரை இதற்குப் பயன்படாது, யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. சி.டி. இன்னும் எடுக்கவில்லை, நாளைக்கே கேட்கிறேன். ஸ்லைடுகளும் முதல் ஆஸ்பத்திரியில்தான் இருக்கு, வாங்கிவிடுகிறேன்.