பாட்டி ஏன் மாடிக்கு ஓடினாள்? – இரண்டாம் வகுப்பு வாசிப்புப் பயிற்சியில் ஒரு பூஜ்யம்

பெரம்பூர் அம்மா (இரவு 9.10)

நேற்று இங்கே ‘கொளத்தூர் மையம்’ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. “இரண்டாம் வகுப்புக் குழந்தை பத்தியில் உள்ள சொற்களைக் கொண்டுதான் விடை எழுத வேண்டும். பத்தியில் இல்லாத சொல் வந்தால் தவறு போட வேண்டும். அப்போதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வரும்” என்று எழுதியிருந்தார்.

போன வாரம் என் மகளுக்கு நடந்தது இதுதான். பயிற்சித்தாளில் இருந்த பத்தியை அப்படியே தருகிறேன்:

“பாட்டி காலையில் மாடியில் வற்றல் பிழிந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மாலையில் வானம் கறுத்தது. பாட்டி மாடிக்கு ஓடினாள். கவினும் அவள் பின்னால் ஓடினான்.”

மூன்றாவது கேள்வி: பாட்டி ஏன் மாடிக்கு ஓடினாள்? என் மகள் எழுதியது: “வற்றல் நனையக் கூடாது என்று.” சிவப்பு மையில் குறுக்குக்கோடு. பூஜ்யம். பக்கத்தில் சரியான விடை என்று எழுதித் தந்திருக்கிறார்கள்: “வானம் கறுத்தது.”

ஏழு வயதுக் குழந்தை. பத்தியில் மழை என்ற சொல் இல்லை, நனைவது என்ற சொல்லும் இல்லை. இரண்டையும் அவளே யோசித்திருக்கிறாள். அதற்குப் பூஜ்யமா?

கொளத்தூர் மையம் (இரவு 9.31)

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பத்து ஆண்டுகளாகத் தனிப்பயிற்சி நடத்துகிறேன். இன்று “நனையக் கூடாது” என்று எழுதுகிற குழந்தை நாளை பத்தியைப் பார்க்காமலேயே கதைகட்டி எழுதும். அப்படி எழுதி மதிப்பெண் இழந்த பிள்ளைகளை என்னிடம் அழைத்து வருகிறவர்கள் பெற்றோர்தான். முதலில் பத்திக்குள் நிற்கப் பழகட்டும்.

மயிலை ஆசிரியர் (இரவு 9.48)

முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். இருவரும் அடிப்படையைத் தவறவிட்டீர்கள். கேள்வி ‘ஏன்’. ‘ஏன்’ காரணத்தைக் கேட்கும். ‘எதற்கு’ நோக்கத்தைக் கேட்கும். வானம் கறுத்தது காரணம். வற்றல் நனையாமல் காப்பது நோக்கம். குழந்தை ‘எதற்கு’ என்ற கேள்விக்கு விடை எழுதியிருக்கிறது. கேட்டதோ ‘ஏன்’. ஆகவே பூஜ்யம் சரி.

பெரம்பூர் அம்மா (இரவு 9.55)

ஐயா, “ஏன் வந்தாய்?” என்று கேட்டால் “உன்னைப் பார்க்க வந்தேன்” என்கிறோம். அது நோக்கம்தானே? அதற்கும் பூஜ்யம் போடுவீர்களா?

மயிலை ஆசிரியர் (இரவு 10.02)

அது பேச்சு வழக்கு. நான் சொல்வது வகுப்பறை. மீண்டும் சொல்கிறேன்: ‘ஏன்’ வேறு, ‘எதற்கு’ வேறு. இந்த வேறுபாட்டை இரண்டாம் வகுப்பில் ஊன்றாவிட்டால் எட்டாம் வகுப்பிலும் வராது.

எண்ணூர் ஆசிரியை (இரவு 10.20)

நானும் தொடக்கப்பள்ளி ஆசிரியைதான் ஐயா, இன்றும் வகுப்பில் நிற்கிறவள். “எதற்கு அழுகிறாய்?” என்று கேட்டால் பிள்ளை “அவன் அடித்தான்” என்று சொல்கிறது. அது நோக்கமா? அடி வாங்கும் நோக்கத்தோடா பிள்ளை அழுகிறது? தமிழ் பேசுகிறவர்கள் இரண்டையும் இரண்டு பொருளுக்கும் வழங்குகிறார்கள்.

இன்னொன்று. ‘ஏன்’ காரணத்தை மட்டுமே கேட்கும் என்றால் விடை “வானம் கறுத்ததால்” என்றல்லவா இருக்க வேண்டும்? தாளில் கொடுத்த விடை “வானம் கறுத்தது”. அது பத்தியிலிருந்து வெட்டி ஒட்டிய வாக்கியம். உங்கள் இலக்கணப்படி அதற்கும் பூஜ்யம்தான்.

மயிலை ஆசிரியர் (இரவு 10.33)

‘ஆல்’ விடுபட்டது கவனக்குறைவு. கருத்தில் பிழை இல்லை. குழந்தையின் விடையில் கருத்தே இடம் மாறியிருக்கிறது. சகோதரி திசைதிருப்ப வேண்டாம். கேள்வி ‘ஏன்’.

ஆதம்பாக்கம் அப்பா (இரவு 10.41)

எல்லோரும் ஒரு கேள்வியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். வாசிப்பு என்றால் முதலில் வேகம். 2021-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின்படி இரண்டாம் வகுப்பு முடிவில் பிள்ளை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் வாசிக்க வேண்டும். இந்தப் பத்தியில் 18 சொற்கள். என் மகனிடம் இப்போதுதான் கொடுத்துப் பார்த்தேன், 20 வினாடியில் முடித்துவிட்டான். நிமிடத்துக்கு 54 சொற்கள். பெரம்பூர் அம்மா, உங்கள் மகளுக்கு எத்தனை வினாடி ஆகிறது? முதலில் அதை அளந்து பாருங்கள்.

எண்ணூர் ஆசிரியை (இரவு 10.52)

அந்த இலக்கில் “பொருள் புரிந்து” என்று இருப்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்கள். 20 வினாடியில் முடித்த உங்கள் மகனிடம் பாட்டி எதை எடுக்க ஓடினாள் என்று கேட்டீர்களா?

என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். ரயில் மாதிரி வாசிப்பான், மூச்சுவிட மாட்டான். முடித்ததும் யார் ஓடியது என்று கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவான். இன்னொருத்தி “சு... ள்... ளெ...” என்று விரலை வைத்து எழுத்துக் கூட்டுவாள். ‘அடித்தது’ வருவதற்குள் அடித்தது வெயில் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றா? 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பெருக்கலாகவே சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். ஒன்று பூஜ்யமானால் பெருக்கி வருவதும் பூஜ்யம். பெரம்பூர்க் குழந்தையிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனாலும் பூஜ்யம் வாங்கியிருக்கிறது.

அதோடு, தமிழில் சொல்லை எப்படி எண்ணுவது என்றும் சொல்லுங்கள். “ஓடிக்கொண்டிருந்தவளை” என்பது ஒரே சொல். அதை வாசிக்கிற நேரத்தில் நான்கு சின்னச் சொற்களை வாசித்துவிடலாம்.

மயிலை ஆசிரியர் (இரவு 11.05)

கஃப்பும் டன்மரும் தமிழ் படித்தவர்கள் அல்லர். அவர்களுக்கு ‘ஏன்’, ‘எதற்கு’ வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆதம்பாக்கம் தம்பிக்கு: வேகம் என்று சொல்கிறவர் போன மாதம் இதே இடத்தில் “சுவற்றில்” என்று எழுதினார். சுவர் என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் சுவரில். நான் அப்போதே திருத்தினேன். வேகமாக எழுதியதால் வந்த வினை.

ஆதம்பாக்கம் அப்பா (இரவு 11.09)

ஒரு மாதம் ஆகியும் மறக்கவில்லையா ஐயா? அந்தச் சுவரை இன்னும் எத்தனை முறை இடிப்பீர்கள்? நான் கேட்டது வாசிப்பு வேகம். உங்களிடம் பதில் இல்லை.

மாம்பலம் பாட்டி (காலை 5.40)

காலையில் எழுந்ததும் இதைப் படித்தேன். பத்தியிலேயே தவறு இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லையே! வற்றலை யாராவது பிழிவார்களா? அரிசிக் கூழ் கிளறி நாழியில் போட்டுப் பிழிந்தால் அது வடாம். சுண்டைக்காய், மணத்தக்காளி, கத்தரிக்காய் இவற்றைக் காயவைத்தால் வற்றல். ஐம்பது ஆண்டுகளாக மாடியில் பழைய வேட்டியை விரித்து, நான்கு முனையிலும் செங்கல் வைத்துப் பிழிகிறேன். தவறான பத்தியைக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பூஜ்யமா?

எண்ணூர் ஆசிரியை (காலை 6.15)

அம்மா, எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சிப் பிழிவதும் வற்றல்தான். கூழ்வற்றல் என்போம். வடாம் என்ற சொல்லை நான் கல்யாணமாகி வந்த பிறகுதான் கேட்டேன். பத்தியில் தவறு இல்லை.

மாம்பலம் பாட்டி (காலை 6.22)

ஊருக்கு ஊர் ஒரு பெயர் சொல்லலாம். அச்சில் போடும்போது சரியான பெயரைப் போட வேண்டும். பிழிந்தது வடாம்.

பெரம்பூர் அம்மா (காலை 7.05)

என் மகளுக்கு அது வடாமா, வற்றலா என்பதில் குழப்பமே இல்லை. போன மே மாதம் அவளுடைய பாட்டி வீட்டு மாடியில் காக்கை விரட்ட உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சட்டென்று மழை இறங்கியது. இரண்டு பேருமாகத் துணியோடு சுருட்டிக் கீழே கொண்டுவருவதற்குள் பாதி கரைந்து கூழாகிவிட்டது. பாட்டி அன்று மாலை முழுக்கப் பேசவில்லை. அதைக் கண்ணால் பார்த்த குழந்தை “நனையக் கூடாது என்று” எழுதாமல் வேறு என்ன எழுதும்? அவள் வகுப்பில் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடியிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய மொட்டைமாடி பூட்டியே கிடக்கிறது. அவர்கள் “வானம் கறுத்தது” என்று பார்த்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். வானம் கறுத்தால் பாட்டிக்கு என்ன என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கொளத்தூர் மையம் (காலை 7.30)

இதைத்தான் நானும் சொல்கிறேன் அம்மா. உங்கள் குழந்தை வீட்டு அனுபவத்தை எழுதியது. தாளில் இருப்பதை எழுதவில்லை. மாடி பார்த்த குழந்தைக்கு ஒரு விடை, பார்க்காத குழந்தைக்கு ஒரு விடை என்றால் எப்படித் திருத்துவது? ஒரு தாளுக்கு நாற்பது குழந்தைகள்.

எண்ணூர் ஆசிரியை (காலை 7.44)

பார்த்தீர்களா, உண்மை வந்துவிட்டது. திருத்துகிறவருக்கு எது எளிதோ அதுதான் சரியான விடை! நாங்களும் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிறோம். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறோம். ஒரே அறையில் ஒருவன் எழுத்தில் நிற்பான், ஒருத்தி சொல்லில் நிற்பாள், ஒருத்தி கதையை முடித்துவிட்டு அடுத்தது கேட்பாள். பத்தியை முதலில் நான் உரக்க வாசிப்பேன். பிறகு பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லி, “என்ன நடந்தது, உன் வாயால் சொல்” என்று கேட்பேன். சொந்தச் சொல்லில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் புரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். நீங்கள் அந்தச் சொந்தச் சொல்லையே குற்றம் என்கிறீர்கள்.

கொளத்தூர் மையம் (காலை 7.50)

அவ்வளவு நன்றாகச் சொல்லித் தந்தால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் தனிப்பயிற்சிக்கு ஏன் வருகிறார்கள்?

எண்ணூர் ஆசிரியை (காலை 7.52)

‘ஏன்’ என்று கேட்கிறீர்களா, ‘எதற்கு’ என்று கேட்கிறீர்களா?

மயிலை ஆசிரியர் (காலை 8.10)

விளையாட்டு வேண்டாம் சகோதரி. நான் இரவெல்லாம் யோசித்தேன். என் நிலையில் மாற்றம் இல்லை. பாட்டி ஓடுவதற்கு முன் நடந்தது எது? வானம் கறுத்தது. ஓடியபின் நடக்கவிருந்தது எது? வற்றல் நனைவது. காரணம் முன்னால் வரும், நோக்கம் பின்னால் வரும். முன்னால் இருப்பதைக் கேட்பது ‘ஏன்’. இதை மூன்று விதமாக விளக்கிவிட்டேன்.

எண்ணூர் ஆசிரியை (காலை 8.26)

இலக்கணம் என்றே போவோம் ஐயா. நன்னூல் எட்டு வகை விடை சொல்கிறது. அதில் ‘உற்றது உரைத்தல்’ இருக்கிறது, ‘உறுவது கூறல்’ இருக்கிறது. “இதைச் செய்வாயா?” என்றால் “கை வலித்தது” என்பது உற்றது. “கை வலிக்கும்” என்பது உறுவது. வானம் கறுத்தது உற்றது. வற்றல் நனைந்துவிடும் என்பது உறுவது. இரண்டையும் விடை என்றுதான் நன்னூல் ஏற்கிறது. ஒன்றுக்கு முழு மதிப்பெண், இன்னொன்றுக்குப் பூஜ்யம் என்று எந்தச் சூத்திரத்தில் இருக்கிறது?

மயிலை ஆசிரியர் (காலை 8.58)

எனக்கே நன்னூலா? சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். நீங்கள் சொல்லும் இரண்டும் மற்ற ஐந்தில் சேர்ந்த மறைமுக விடைகள். அதுவும் “செய்வாயா” என்ற வகைக் கேள்விக்கு வருபவை. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அவற்றை இழுத்து ஒட்டுவது தமிழுக்குச் செய்யும் கொடுமை. இன்றைய ஆசிரியர்கள் நன்னூலை இப்படிப் படித்திருந்தால் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?

எண்ணூர் ஆசிரியை (காலை 9.02)

மறைமுக விடையும் விடைதான் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். இன்றைய ஆசிரியர்களைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு மாலையில் பதில் சொல்கிறேன். மணி அடித்துவிட்டது.

ஆதம்பாக்கம் அப்பா (காலை 9.15)

மாம்பலம் பாட்டி சொன்னபடி ‘வற்றல்’ தவறான சொல் என்றால் என் மகன் வாசித்தது 17 சொற்களா, 18 சொற்களா? கணக்கு மாறுமே.

மாம்பலம் பாட்டி (காலை 9.30)

‘வடாம்’ என்று போட்டுக்கொண்டால் எண்ணிக்கை அதேதான் தம்பி.

பெரம்பூர் அம்மா (மாலை 6.50)

இன்று மகளிடம் விடைத்தாளை மறுபடியும் எடுத்துக் காட்டினேன். மூன்றாவது கேள்வியை அவள் பார்க்கவே இல்லை. கடைசி வரியில் விரலை வைத்து, “அம்மா, கவின் ஏன் ஓடினான் என்று கேட்கவே இல்லையே?” என்றாள். நீயே சொல் என்றேன். “பாட்டி ஒரு ஆளாகத் துணியைச் சுருட்ட முடியாது. அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேண்டும்” என்றாள். பென்சிலை எடுத்துத் தாளின் அடியில் ஆறாவது கேள்வியாக அதை எழுதி, விடையையும் எழுதிவிட்டாள். நாளை அதை அப்படியே பள்ளிக்குக் கொடுத்தனுப்பப் போகிறேன்.

மயிலை ஆசிரியர் (இரவு 7.04)

அதற்கு விடை பத்தியில் இல்லை. பாட்டி ஓடியதால் கவின் ஓடினான் என்று வேண்டுமானால் எழுதலாம். துணியைப் பிடிக்க என்றால் அது மறுபடியும் ‘எதற்கு’.

எண்ணூர் ஆசிரியை (இரவு 7.30)

அந்த ஆறாவது கேள்வியை நாளை என் வகுப்பில் கேட்கப் போகிறேன், அம்மா. உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

மயிலை ஆசிரியர் (இரவு 7.33)

கேட்பதென்றால் ‘எதற்கு’ என்று திருத்திக் கேளுங்கள்.