ஸ்கேட்டிங் வீலு மாத்தப் போயி நீங்க பட்ட பாடு என்ன? என் கதை கீழ

வேளச்சேரி அப்பா:
2025 செப்டம்பர்ல நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவுல ஸ்பீட் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப் 1000 மீட்டர்ல தங்கம் அடிச்சாருல்ல, அன்னிக்கு ஆரம்பிச்சது என் பொண்ணோட நச்சரிப்பு. எட்டு வயசு. சரின்னு வீலெல்லாம் ஒரே வரிசையில இருக்குற இன்லைன் ஸ்கேட் ஒரு ஜோடி வாங்கினேன், வீலெல்லாம் பளபளன்னு, லைட்டு வேற எரியுது. மொட்டை மாடியில ஓட்டுனா கடகடன்னு கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துட்டாரு, டைல்ஸ்ல ஏறுனா கால் வழுக்கிட்டுப் போகுது. கிளாஸ்ல கோச் வீலை நகத்தால சுண்டிப் பாத்துட்டு "சார் இது பிவிசி, வெறும் பிளாஸ்டிக்கு, பியு (பாலியூரித்தேன், ரப்பர் மாதிரி) வீலு மாத்துங்க"ன்னார். நம்ம புத்தி சும்மா இருக்குமா, மாத்துறதே மாத்துறோம் பெருசா போடுவோம்னு 90 எம்எம்ல எட்டு வாங்கிட்டு வந்துட்டேன், முதல் வீல மாட்டிட்டு ரெண்டாவத வச்சா ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. மேக்சிமம் 76னு, ஷூவுக்கு அடியில வீலு மாட்டுற ஃப்ரேம் பக்கவாட்டுலயே பொடி எழுத்துல போட்டிருக்கான், கண்ணாடி போட்டுப் பாத்தாதான் தெரியுது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கல.

கோவை குண்டன்:
அண்ணே உங்களுக்கு சைஸு, எனக்கு ஹார்ட்னெஸ். நான் 88 கிலோ, 34 வயசுல ஆரம்பிச்சவன். ஃபிரண்டு ஒருத்தன் இண்டோர் ஹாக்கி ஆடுன வீலு சும்மா குடுத்தான், 76ஏன்னு போட்டிருந்துச்சு, அந்த ஏ என்னான்னே தெரியாது எனக்கு. நம்பர் கம்மின்னா சாஃப்ட்டு, வழவழ தரையில நல்லா புடிக்கும், அவ்ளோதான் விஷயம். அத தார் ரோட்டுல என் வெயிட்டோட ஓட்டுனா என்ன ஆகும், அழி ரப்பர் தேயுற மாதிரி ரெண்டே மாசத்துல தேஞ்சு போச்சு, அதுவரைக்கும் கூட சேத்துல நடக்குற மாதிரி இழுவை. இப்ப 85ஏ போட்டிருக்கேன், கரடுமுரடான ரோட்டுல பாதத்துல ஜிவ்வுன்னு அதிரும்தான், ஆனா ஓட்டம் ஓட்டமா இருக்கு. உங்க பொண்ணு வெயிட்டுக்கு இவ்ளோ வேண்டாம், ஒரு 82 போதும்னு எனக்குத் தோணுது.

மதுரை ஸ்கேட் அம்மா:
என் பையனுக்கு பதினோரு வயசு, 84 எம்எம்ல நாலு வீலு நல்லாத்தான் போயிட்டிருந்தான். கூட ஓட்டுற பசங்க மூணு வீலு 110 எம்எம் போட்டிருக்காங்கன்னு அழுதான், வாங்கிக் குடுத்தோம். உயரம் கூடிருச்சா, கணுக்கால் உள்பக்கமா மடங்க ஆரம்பிச்சிருச்சு. ஸ்டார்ட்டிங்ல கெளம்பவே நேரம் புடிக்குது, வேகம் எடுத்தப்பறம்தான் பெரிய வீலோட பலனே தெரியும், இவன் அந்த வேகத்துக்கே இன்னும் வரல. வீலு உள்விளிம்பு மட்டும் சாய்வா தேஞ்சத பாத்துட்டு கோச்சே பழைய 84க்கு போகச் சொல்லிட்டாரு. இப்ப மாசம் ஒருதடவ ஆலன் கீ வச்சு கழட்டி 1ஐயும் 3ஐயும், 2ஐயும் 4ஐயும் மாத்தி, தேஞ்ச பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மாட்டுறோம் (மாட்டுறது நான், இவங்கப்பா டிவி).

இன்னொண்ணு சார், பழைய பேரிங்க புது வீலுக்கு மாத்துறப்ப ஒவ்வொரு வீலுலயும் ரெண்டு பேரிங்குக்கு நடுவுல குட்டியா ஒரு ஸ்பேசர் இருக்கும், தொலைச்சிராதீங்க. நான் ஒண்ண தொலைச்சிட்டு வெறுமனே டைட் பண்ணுனேன், வீலு சுத்தவே மாட்டேன்னுருச்சு, பேரிங் போச்சுன்னு நெனச்சு புதுசு வாங்கி 300 ரூபா தண்டம்.

வேளச்சேரி அப்பா:
மேடம் உங்க புண்ணியத்துல எட்டு ஸ்பேசரையும் எண்ணி டப்பாவுல போட்டு வச்சேன். 76 எம்எம் 82ஏ மாட்டியாச்சு, கீழ்வீட்டுக்காரர் இன்னும் ஏறி வரல. பழைய பிவிசி வீலுல நாலு எங்க மாமியார் எடுத்துக்கிட்டாங்க, கேஸ் சிலிண்டர் ஸ்டாண்டுக்கு போடப் போறாங்களாம்.